அப்பாவின் கடிகாரக் கடையில் மிஞ்சியதை நகையாக்கி விற்கிறேன்: எதை விற்கலாம், எதை விற்கக் கூடாது?

மணிமுள் (அல்சூர்)

அனைவருக்கும் வணக்கம். இத்தனை நாளும் இங்கே மற்றவர்கள் எழுதுவதைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இப்போது வீட்டில் பேசித் தீராத ஒரு விஷயத்தைப் பற்றி, சந்தையில் கடை போட்டுப் பழகியவர்களிடமும் கைத்தொழில் தெரிந்தவர்களிடமும் கேட்க வேண்டியிருக்கிறது.

என் அப்பா பெங்களூரு சிவாஜிநகரில், ரஸ்ஸல் மார்க்கெட்டுக்குப் பின்புறம் உள்ள ஒரு சந்தில், நாற்பத்தோரு ஆண்டுகள் கடிகாரம் பழுதுபார்த்தார். கடை என்றால் ஓர் ஆள் உட்காரவும் ஓர் ஆள் நிற்கவும் போதுமான இடம். ஆனி மாதம் அவர் காலமானார். இடத்துக்குச் சொந்தக்காரர் ஒரு மாத அவகாசம் கொடுத்தார். நானும் தம்பியும் கடையைக் காலி செய்தபோது ஏழு பிஸ்கட் டின்கள் நிறைய உதிரிகள் கிடைத்தன. பல் தேய்ந்த சக்கரங்கள், முனை ஒடிந்த முட்கள், துரு ஏறிய டயல்கள், சாவித் திருகுகள் என்று அவர் எதையும் எறிந்ததில்லை.

நான் ஆறு ஆண்டுகளாகப் பழைய பொருட்களில் நகை செய்து வருகிறேன். கிழிந்த பட்டுப் புடவையின் கரையில் கழுத்தணியும், உடைந்த பித்தளைச் சாமான்களில் தொங்கட்டானும் செய்யத் தொடங்கியவளுக்குக் கடிகாரச் சக்கரத்தைக் காட்டியவர் அப்பாதான். தமக்கு உதவாதவற்றை ஒரு தீப்பெட்டியில் சேர்த்துவைத்து, சனிக்கிழமை இரவு சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுப்பார். "எட்டணாவுக்குப் பெறாததை எட்டு நூறுக்கு விற்கிறாயே, நான்தான் தொழில் தெரியாதவன்" என்று சிரிப்பார். அந்தத் தீப்பெட்டி வருவது நின்ற பிறகு, ஏழு டின்களும் ஒரே நாளில் என் மேசைக்கு வந்து சேர்ந்துவிட்டன. எவ்வளவு இருக்கிறது என்று இப்போது எனக்குத் தெரியும் என்பதே தொல்லையாக இருக்கிறது. ஒரு டாலரை முடித்து விலைச்சீட்டைக் கட்டும்போதெல்லாம், அப்பாவின் கை பட்டதில் இன்னொன்று குறைந்தது என்ற கணக்கு மனத்தில் ஓடுகிறது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஐந்து வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுச் சந்தையில் கடை போட்டேன், ஏனென்றால் இடத்துக்கான பணத்தை அப்பா நன்றாக இருந்தபோதே கட்டியிருந்தேன். ஒரு பெண்மணி டயல் வைத்த டாலரை எடுத்துப் பார்த்து, இது எங்கே கிடைத்தது என்று கேட்டார். "என் அப்பாவின் கடையில்" என்று தொடங்கியவளுக்கு மேற்கொண்டு குரல் வரவில்லை. அவர் கண் கலங்கி இரண்டு வாங்கிக்கொண்டு போனார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து மேசைத் தோழி, "இதையே ஓர் அட்டையில் எழுதி வைத்துவிடு, மாலைக்குள் மேசை காலியாகிவிடும்" என்றாள். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அன்று இரவு பணத்தை எண்ணும்போது, இதில் எவ்வளவு நகைக்கு வந்தது, எவ்வளவு அப்பா செத்ததற்கு வந்தது என்று நினைத்தேன். கை கூசியது.

இதற்கு நடுவே அத்தை, அப்பாவின் தங்கை, தொலைபேசியில் அழைத்து, வருஷம் திரும்புவதற்குள் பிறருக்குப் பூட்டிப் பார்க்கும் வியாபாரம் செய்யலாமா என்று கேட்டார். தீபாவளிக்கு முந்தைய சந்தைகள்தாம் என் ஆண்டு வருமானத்தில் பெரும்பகுதி. என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. எட்டாவதாக ஒரு டின் உண்டு. அதில் இருப்பவை உதிரிகள் அல்ல. பழுதுபார்க்கக் கொடுத்துவிட்டு வாங்க வராதவர்களின் கைக்கடிகாரங்கள், மொத்தம் 63. ஒவ்வொன்றிலும் அப்பாவின் கையெழுத்தில் ஒரு சீட்டு நூலால் கட்டியிருக்கிறது: பெயர், தேதி, என்ன கோளாறு, எவ்வளவு கூலி. மிகப் பழையது 1987. இனி யார் வரப்போகிறார்கள், பிரித்துப் பயன்படுத்து என்கிறான் தம்பி. என்னால் ஒரு நூலைக்கூட அவிழ்க்க முடியவில்லை.

அட்டை எழுதலாமா, இந்த ஆண்டு கடை போடலாமா, அந்த 63ஐ என்ன செய்வது? மனத்தில் பட்டதை ஒளிக்காமல் சொல்லுங்கள்.

பதினேழு கல் (சிக்பேட்டை, ஓய்வு பெற்றவன்)

அம்மா, உங்கள் தந்தையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. எழுதியிருந்தால் எனக்குத் தெரிந்தவராகவே இருப்பார் என்று நினைக்கிறேன், ஏனென்றால் தண்டிலும் (கன்டோன்மென்ட் பகுதி) பழைய ஊரான பேட்டையிலும் சாவி கொடுக்கும் கடிகாரத்தில் கை வைத்தவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு நாள் ஒருவரிடம் ஒருவர் உதிரி கேட்டு நின்றவர்களே. என் ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

ஒளிக்காமல் சொல்லச் சொன்னதால் முதலில் என் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். கடிகார நகை என்ற பெயரில் ஓடுகிற கடிகாரத்தைப் பிரிக்கிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. நம் ஊரில் அரசு நிறுவனமான எச்எம்டி 1961இல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியின் துணையோடு கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. ஜனதா, பைலட், கோஹினூர் என்று அது செய்தவை ஒரு தலைமுறையின் முதல் சம்பளத்தில் வாங்கப்பட்டவை. அந்தக் கடிகாரப் பிரிவை மூடிவிட மத்திய அரசு 2016இல் முடிவெடுத்தது. இனி புதிதாக உதிரி வராது. ஒரு ஜனதா ஓடவேண்டுமானால் இன்னொரு ஜனதாவின் வயிற்றிலிருந்துதான் எடுக்க வேண்டும். அப்படியிருக்க, நல்ல பேலன்ஸ் வீலை (கடிகாரத்தின் ஓட்டத்தைச் சீராக்கும் சக்கரம்) ரெசினில் போட்டுக் காதில் மாட்டுவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. உங்கள் தந்தை தீப்பெட்டியில் போட்டுத் தந்தவை அவரே பார்த்துக் கழித்தவை. அவற்றில் பழுது இல்லை என்று நான் சொல்ல முடியாது, ஆனால் பாவம் இல்லை என்று சொல்வேன். டின்களில் இருப்பவை அப்படியல்ல. அவர் கழித்ததும் காத்ததும் ஒன்றாகக் கலந்து கிடக்கும். பிரித்தறியத் தெரிந்த ஒருவரை உட்காரவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் உடம்புக்காக ஒன்று சொல்கிறேன், இதை அலட்சியம் செய்யாதீர்கள். 1970க்கு முந்தைய வெளிநாட்டுக் கடிகாரங்கள் பலவற்றில், இருட்டில் ஒளிர்வதற்காக முள்ளிலும் எண்ணிலும் ரேடியம் கலந்த பூச்சு போட்டிருப்பார்கள். இப்போது அது ஒளிராது. ஆனால் ஒளிராமல் போனது அதனோடு கலந்த துத்தநாக சல்பைடு கெட்டதால்தான். ரேடியம் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் ஆகும். பழுப்பேறி, பொரிந்து, மாவாக உதிரும் பூச்சு உள்ள டயலைச் சுரண்டவோ அரம் போடவோ வெட்டவோ கூடாது. அந்தத் தூள் மூச்சில் போனால் எலும்பில் தங்கிவிடும். அப்படிப்பட்ட டயலை ஒருவர் கழுத்தில் தொங்கவிடுவதை நினைத்துப் பாருங்கள். சந்தேகம் இருப்பவற்றைத் தனியே உறையில் மூடி ஒதுக்கிவிடுங்கள்.

63 கடிகாரங்களைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல மாட்டேன். எனக்கும் வீட்டில் அப்படி ஒரு டப்பா இருக்கிறது.

ஓரக்குறிப்பு (ராஜாஜிநகர்)

அந்த 63 கடிகாரங்களைப் பற்றிச் சட்டம் ஓரளவு தெளிவாகவே பேசுகிறது. பழுதுபார்க்க ஒருவர் கொடுத்த பொருள், கொடுத்தவருடையதாகவே இருக்கிறது; கடைக்காரர் அதை வைத்துக் காப்பவர் மட்டுமே. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 170ஆம் பிரிவு, உழைப்பையும் திறமையையும் செலுத்தி வேலையை முடித்தவர், கூலி வரும்வரை அந்தப் பொருளைத் தம்மிடமே நிறுத்திவைத்துக்கொள்ளலாம் என்கிறது. நிறுத்திவைக்கலாம் என்கிறதே ஒழிய, விற்கலாம் என்று சொல்லவில்லை. அடகு பிடித்தவருக்கு முறையாக அறிவித்த பிறகு விற்கும் உரிமையை 176ஆம் பிரிவு கொடுக்கிறது. பழுதுபார்ப்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது.

முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு யாராவது வழக்குப் போடுவார்களா என்றால், போட மாட்டார்கள். காலவரையறைச் சட்டம் என்று ஒன்றும் இருக்கிறது. ஆனால் கேட்டவர் அதற்காகக் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

தண்டுக்காரி (டேனரி சாலை)

சகோதரி, உங்கள் தந்தைக்காகப் பிரார்த்திக்கிறேன். நான் பதினோரு ஆண்டுகளாகக் கண்ணாடி மணியும் பழைய பொத்தானும் கோத்துச் சந்தைகளில் விற்கிறவள்.

எங்கள் மார்க்கத்தில் கணவனை இழந்த பெண்ணுக்கு நான்கு மாதம் பத்து நாள் துக்கம் உண்டு. மற்ற யாருக்காகவும் மூன்று நாளுக்கு மேல் துக்கம் காக்கக் கூடாது என்பது விதி. என் உம்மா மௌத்தானபோது நான் நான்காம் நாள் மணியைக் கையில் எடுத்தேன், அது விதிப்படி சரிதான். ஆனால் ஓராண்டு முழுவதும் ஒரே மாலையைக் கோத்துக் கோத்து அவிழ்த்துக்கொண்டிருந்தேன். ஆகையால் எத்தனை நாள் என்ற கணக்கை நான் பேசப் போவதில்லை.

அட்டையைப் பற்றிப் பேசுகிறேன், ஏனென்றால் நான் எழுதி வைத்தவள். உம்மாவின் தையல் பெட்டியிலிருந்து வந்த பொத்தான்கள் என்றும், அவர் எங்களை விட்டுப் போய்விட்டார் என்றும் இரண்டே வரிகள். விற்பனை கூடியது என்பதை மறைக்கவில்லை. முதல் மாதம் யார் கேட்டாலும் சொல்லச் சொல்ல எனக்கே நெஞ்சு லேசானது. மூன்றாம் மாதம், ஒரே நாளில் முப்பது நாற்பது பேருக்குச் சொன்ன பிறகு, எந்த வார்த்தைக்கு எதிரில் நிற்பவரின் முகம் மாறும் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திப் பேசத் தொடங்கினேன். நான் வேண்டுமென்று செய்யவில்லை, நாக்கு தானாகச் செய்தது. ஒரு நாள் பக்கத்துக் கடைக்காரர் சொன்ன எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தேன். அட்டையைப் படித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வையில், நான் ஏதோ திருடியதைப் போல இருந்தது. அன்றைக்கே அட்டையைக் கிழித்துவிட்டேன். உம்மாவை நினைத்தால் அவர் முகம் வருவதற்கு முன்னால் அந்த இரண்டு வரிகள் வந்து நிற்கும். அது போக இன்னும் ஓராண்டு ஆனது.

நீங்கள் எழுதுவதும் எழுதாததும் உங்கள் விருப்பம். எழுதினால் எதைக் கொடுத்து வாங்குகிறீர்கள் என்று தெரிந்திருக்க வேண்டும், அதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன். அதோடு, இந்த ஆண்டு மேசையில் தனியாக உட்காராதீர்கள். தம்பியையோ தோழியையோ கூட வைத்துக்கொள்ளுங்கள். குரல் அடைக்கும்போது எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வர ஆள் வேண்டும். தண்ணீர் பாட்டிலும் சில்லறையும் மறக்கிறவர்கள்கூட இதை மறக்கக் கூடாது.

விலைச்சீட்டு (கோரமங்களா)

தண்டுக்காரி அக்காவின் அனுபவத்தை மதிக்கிறேன், ஆனால் வேறு கோணத்தில் பார்க்க விரும்புகிறேன். கையால் செய்த பொருளை வாங்குகிறவர் அதன் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார் என்பதற்காகவே கூடுதலாகக் கொடுக்கிறார். காஞ்சிபுரத்தில் நெசவாளர் தம் தகப்பனாரிடம் கற்றதைச் சொல்லி விற்றால் யாரும் அதைத் தவறு என்பதில்லை. அப்பா இருந்தபோது அவரைப் பற்றிச் சொல்லியிருப்பீர்கள் அல்லவா? அவர் இறந்ததனால் அந்த உண்மை எப்படித் தவறாகிவிடும்? எழுதுங்கள், அழகாக அச்சிடுங்கள், முடிந்தால் அவர் கடையில் உட்கார்ந்திருக்கும் படம் ஒன்றையும் சேருங்கள்.

தண்டுக்காரி

தம்பி, தகப்பனாரிடம் கற்றேன் என்று சொல்வதும் தகப்பனார் இறந்துவிட்டார் என்று சொல்வதும் ஒன்றல்ல. முதலாவதைக் கேட்டவர் பொருளைப் பார்ப்பார். இரண்டாவதைக் கேட்டவர் விற்பவரைப் பார்ப்பார், பிறகு வாங்காமல் போகச் சங்கடப்படுவார். படம் வைக்கச் சொல்கிறீர்கள். மாலை ஏழு மணிக்குக் கூட்டம் கலையும்போது பேரம் பேசுகிறவர்கள் வருவார்கள். அப்பாவின் படத்துக்கு முன்னால் 600 ரூபாய் டாலரை 350க்குக் கேட்பார்கள். அதை நீங்கள் யோசித்தீர்களா?

மல்லேஸ்வரத்து மாமி

குழந்தாய், உன் அத்தை சொன்னதற்காகக் கோபப்படாதே. அவள் அண்ணனைப் பறிகொடுத்தவள். தொலைபேசியில் உன்னிடம்தான் அழ முடியும், அதைக் கேள்வியாகக் கேட்டுவிட்டாள்.

எங்கள் பக்கத்தில் வருஷாப்திகம் ஆகும்வரை பண்டிகை கிடையாது, புதுத்துணி கிடையாது, கல்யாண வீட்டில் முன்னே போய் நிற்பது கிடையாது. மற்ற சமூகங்களில் மூன்று மாதம் என்றும் ஒரு மண்டலம் என்றும் வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றிலும் பொதுவாக நான் பார்த்தது ஒன்று உண்டு. துக்கம் நாம் பூட்டிக்கொள்வதைத் தடுக்குமே தவிர, நம் கைத்தொழிலைத் தடுத்து நான் பார்த்ததில்லை. எட்டாம் குறுக்குச் சாலையில் எனக்குப் பூ கொடுக்கிறவள், தன் தாயார் போன பதினேழாம் நாள் காலையில் வந்து கூடையை இறக்கினாள். தன் தலையில் மட்டும் ஓராண்டு ஒரு முழம் பூ வைத்துக்கொள்ளவில்லை. அடுத்தவருக்குக் கட்டிக் கொடுப்பதை யாரும் குறை சொல்லவில்லை. தட்டான் வீட்டில் சாவு விழுந்தால் ஊரில் தாலி செய்வது நின்றுவிடுமா?

நீ கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். உன் அம்மாவைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறாய், போனை அவளிடம் கொடுத்ததாக. அவள் கழற்றி வைத்தவை வீட்டில் எங்கேயோ ஒரு டப்பாவில் இருக்கும். மெட்டி, தாலிக் குண்டு, கண்ணாடி வளையல் எல்லாம். நீ பழையதில் நகை செய்கிறவள் என்பதால் யாராவது உன்னிடம், இவற்றையும் ஏதாவது செய் என்று சொல்லக்கூடும். அவள் வாயைத் திறந்து கேட்கும்வரை தொடாதே. கேட்டால், சந்தைக்குச் செய்யாதே, அவளுக்கே செய்து கொடு. என் அகத்தில் என் மகள் கேளாமல் செய்தாள். நல்ல மனத்தோடுதான் செய்தாள். இன்றுவரை அந்தப் பெட்டியை நான் திறக்கவில்லை.

நகரத்பேட்டை பற்றாசு

இழை மனத்தைப் பற்றிப் போய்க்கொண்டிருக்கிறது, நான் உலோகத்தைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறேன். பழைய கடிகாரங்களின் உள்ளே சக்கரங்களைத் தாங்கும் சட்டங்களும் பாலங்களும் பெரும்பாலும் நிக்கல் பூசிய பித்தளை. பலருக்கு நிக்கல் ஒத்துக்கொள்ளாமல் அரிப்பும் கொப்புளமும் வரும், அதிலும் காதுத்துளை வழியாகப் போகும் பகுதியில் மிக வேகமாக வரும். ஆகையால் கம்மலின் கொக்கியை மட்டும் பழையதில் செய்யவே செய்யாதீர்கள். 925 வெள்ளிக் கம்பியிலோ அறுவைச் சிகிச்சைக்குப் பயன்படும் எஃகிலோ செய்யுங்கள். பித்தளை முதுகு தோலில் படுகிற டாலர்களில், வியர்வை பட்டுப் பச்சை ஏறாமலிருக்க மெல்லிய மெருகெண்ணெய்ப் பூச்சுக் கொடுங்கள். எஃகுச் சக்கரங்களில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ரெசின் பிடிக்காது. உங்கள் அப்பா செய்திருப்பதைப் போலவே பெட்ரோலில் கழுவிக் காயவிடுங்கள், அடுப்பு இல்லாத இடத்தில். ரெசின் கலக்கும்போது கையுறை போடுங்கள். ஒருமுறை தோலுக்கு ஒத்துக்கொள்ளாமல் போனால் பிறகு எப்போதும் ஒத்துக்கொள்ளாது.

மணிமுள்

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுத ஒரு வாரம் ஆகிவிட்டது, ஏனென்றால் பதினேழு கல் ஐயா சொன்ன பிறகு ஏழு டின்களையும் கொட்டிப் பார்க்கத் தொடங்கினேன். ஒரு டினுக்குள் சின்னச் சின்ன மருந்துப் புட்டிகள் இருந்தன, ஒவ்வொன்றிலும் ஒரே வகை உதிரி, மேலே பென்சிலால் எழுதிய எண். நான் அதையும் ஒரு கூறு என்று நினைத்துக் கலந்துவிட இருந்தேன். அதை அப்படியே மூடி வைத்திருக்கிறேன், ஐயா. பழுப்பேறிய முட்களுள்ள டயல்கள் ஒன்பது கிடைத்தன. அவற்றில் ஒன்றை ஆடி மாதமே விற்றிருப்பேனோ என்று இரண்டு இரவு தூக்கமில்லை. படங்களை எடுத்துப் பார்த்தேன், நல்லவேளையாக அது வேறு.

மாமி, அம்மாவிடம் நான் எதுவும் கேட்கவில்லை. உங்கள் பதிலை அவரிடம் படித்துக் காட்டினேன். "அந்த மாமி எந்த ஊர்" என்று மட்டும் கேட்டார்.

சந்தேகம் ஒன்று. 17 கல், 21 கல் என்று டயலில் போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, உள்ளே இருப்பது உண்மையான மாணிக்கமா என்று வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள். ஆம் என்று சொல்லலாமா?

பதினேழு கல்

மாணிக்கம்தான், ஆனால் உலையில் செய்த மாணிக்கம். அலுமினியம் ஆக்சைடு பொடியைச் சுடரில் உருக்கிக் கல்லாக்கும் முறையை வெர்னாய் என்ற பிரெஞ்சுக்காரர் 1902இல் வெளியிட்டார். அதற்குப் பிறகு கடிகாரக் கல்லுக்கு யாரும் சுரங்கத்தைத் தேடிப் போகவில்லை. அச்சு சுழலும்போது தேயாமல் இருக்க வைத்தது அது. அழகுக்காக வைத்ததல்ல, விலையும் மிகச் சொற்பம். செயற்கை மாணிக்கம் என்று சொல்லி விற்றால் உங்களுக்கு மரியாதை. மாணிக்கம் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டால் அது எங்கள் தொழிலில் டயலை மாற்றிவிட்டுப் பழைய டயல் என்று சொல்வதற்குச் சமம்.

மருந்துப் புட்டிகளை மூடி வைத்ததற்கு மிக்க நன்றி. அந்த எண்கள் என்னவென்று எனக்குத் தெரியும்.

ஓரக்குறிப்பு

ஒரு சிறு யோசனை. கடை இருந்த சந்திலேயே யாரிடமாவது ஓர் அறிவிப்பு ஒட்டிவைக்க முடியுமா? சீட்டில் உள்ள பெயர்களை வெளியே எழுத வேண்டாம், வருகிறவர் தம் பெயரையும் கடிகாரத்தின் அடையாளத்தையும் தாமே சொல்லட்டும். இன்ன தேதிவரை வைத்திருப்போம் என்று எழுதுங்கள். அதற்குப் பிறகு என்ன செய்தாலும் உங்கள் மனத்துக்கு நீங்கள் பதில் சொல்லிக்கொள்ள முடியும்.

மணிமுள்

நேற்று தீபாவளிக்கு முந்தைய சந்தை முடிந்தது. நடந்ததை எழுதுவதாகத் தண்டுக்காரி அக்காவிடம் தனியே சொல்லியிருந்தேன், இங்கேயே எழுதிவிடுகிறேன்.

அட்டை வைத்தேன். அதில் எழுதியது இவ்வளவுதான்: "கடிகாரம் பழுதுபார்க்கும் கடையில் கழித்த உதிரிகளில் கையால் செய்தவை. பித்தளை, எஃகு. கொக்கி 925 வெள்ளி. சிவப்புக் கல் செயற்கை மாணிக்கம்." விலைச்சீட்டு அவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். யாருடைய கடை என்று பதினைந்து பேராவது கேட்டார்கள். என் அப்பாவுடையது என்றேன். இப்போதும் கடை இருக்கிறதா என்று சிலர் கேட்டார்கள். இல்லை என்றேன். அதற்கு மேல் கேட்டவர்கள் நான்கு பேர். அவர்களில் இருவரிடம் சொன்னேன், இருவரிடம் சொல்லவில்லை. யாரிடம் சொல்லலாம் என்று எப்படித் தீர்மானித்தேன் என்று கேட்டால் தெரியாது. சொன்ன இருவரில் ஒருவர் எதுவுமே வாங்கவில்லை. அவருடைய அப்பா மணிப்பாலில் மருத்துவமனையில் இருக்கிறாராம். ஒரு கால்மணி நேரம் மேசைக்குப் பின்னால் வந்து என்னோடு உட்கார்ந்திருந்தார். அந்த நேரத்தில் தம்பி மூன்று பேருக்கு விற்றான், ஒருவருக்கு விலையைத் தவறாகச் சொல்லி 200 ரூபாய் குறைத்துவிட்டான்.

மதியம் ஒருமுறை அழுதேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒரு சிறுமி சக்கரம் வைத்த மோதிரத்தைப் போட்டுப் பார்த்துக்கொண்டே, ஓடுமா என்று கேட்டாள், ஓடாது என்று சொல்லும்போது வந்தது. முகம் கழுவப் போனேன், தம்பி பார்த்துக்கொண்டான்.

பேரம் பேசினார்கள். அக்கா சொன்னதைப் போலவே ஏழு மணிக்குத்தான். படம் வைக்காமல் இருந்தது நல்லதாயிற்று, ஏனென்றால் நானும் சளைக்காமல் பேசினேன், கொஞ்சம் கத்தவும் செய்தேன். செலவெல்லாம் போக இடத்துக்குக் கட்டிய 3,500 ரூபாயைப் போல இரண்டு மடங்கு மிஞ்சியது.

அறிவிப்பைப் பழைய கடைக்கு எதிரில் இருக்கும் தேநீர்க்கடையில் ஒட்டி மூன்று வாரம் ஆகிறது. தை மாதக் கடைசிவரை என்று போட்டிருக்கிறேன். இதுவரை ஒரே ஒருவர் வந்தார். எழுபது வயதிருக்கும், கோலார் தங்கவயலிலிருந்து இங்கே குடிவந்தவர். பெயரும் அடையாளமும் சரியாகச் சொன்னார். சீட்டில் 1998 என்றும், கூலி 40 ரூபாய் என்றும் இருந்தது. நான் கைகள் நடுங்க எடுத்துக் கொடுத்தேன். அவர் காதில் வைத்துப் பார்த்தார், சாவி கொடுத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "இன்னும் ரிப்பேர் ஆகவில்லையே" என்று கோபித்துக்கொண்டார். சீட்டைத் திருப்பிப் பார்த்தால், பின்பக்கத்தில் "பேலன்ஸ் ஸ்டாஃப் இல்லை, வந்ததும்" என்று அப்பா எழுதியிருக்கிறார், அதாவது பேலன்ஸ் வீலின் அச்சு. அதற்குப் பிறகு அது வரவே இல்லை போலிருக்கிறது. அவர் கடிகாரத்தை வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார். ஓடும்போது சொல்லியனுப்பு என்று தொலைபேசி எண்ணை எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் தேநீர்க்கடைக்காரரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

63 இன்னும் 63ஆகவே இருக்கிறது.

பதினேழு கல்

அம்மா, அது எச்எம்டியா, வேறா? எச்எம்டி என்றால் பின்மூடியைத் திறக்க வேண்டாம், எந்தப் பெயர் என்று மட்டும் டயலைப் பார்த்துச் சொல்லுங்கள். உங்கள் தந்தையின் மருந்துப் புட்டிகளையும் எடுத்துக்கொண்டு வியாழக்கிழமை பதினோரு மணிக்கு அவென்யூ சாலைப் பக்கம் வர முடியுமா? அந்தப் புட்டிகளில் ஒன்றில் அது இருந்தாலும் இருக்கும், 1998க்குப் பிறகு வந்து, சீட்டைப் பார்க்க மறந்திருப்பார். இல்லையென்றால் என்னிடம் இரண்டு இருக்கின்றன. கொண்டுவரும் வழியில் யாரையும் சாவி கொடுத்துப் பார்க்க விடாதீர்கள்.